மணிக்கட்டு வலிக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்த அனுபவம்

கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் வலி. துணியைப் பிழிந்தால் உயிரே போகும். எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருந்ததால் அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்ததே, கையை அசைக்கச் சொல்லிக்கொண்டே பார்ப்பதுதான். எம்ஆர்ஐயில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இங்கே கட்டைவிரலை மடக்க மடக்க, தசைநார் அதன் உறைக்குள் சிக்கிச் சிக்கி நகர்வதைத் திரையில் நானே பார்த்தேன். உறை நன்றாகத் தடித்திருந்தது. ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரைப் போட்டதும் அதைச் சுற்றி ரத்த ஓட்டம் செம்மஞ்சளாக மின்னியது. வலிக்காத கையையும் வைத்து ஒப்பிட்டார் டாக்டர். டி குவெர்வெய்ன் பிரச்சினையாம், அதாவது கட்டைவிரல் தசைநாரின் உறை இப்படித் தடித்துப்போவது. 1895இல் அதே பெயருள்ள சுவிஸ் அறுவை மருத்துவர் விவரித்தது.

போகிற போக்கில் மணிக்கட்டின் நடு நரம்பையும் அளந்தார். கார்ப்பல் டனலில், அதாவது மணிக்கட்டில் அது நுழைந்து போகும் குறுகலான பாதையில், அது நசுங்கினால் நுழைவாயிலில் வீங்கித் தெரியுமாம். எனக்கு இல்லை, நல்லவேளை. கதிர்வீச்சு கிடையாது, ஜெல்தான் பிசுபிசுப்பு.

குறை என்றால், எலும்புக்குள் நடப்பது இதில் தெரியாது. சுண்டுவிரல் பக்கத்துக் குருத்தெலும்புக் கிழிசலுக்கு எம்ஆர்ஐதான் நம்பகம். அப்புறம், எல்லாம் ஸ்கேன் செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. மூட்டு, தசை ஸ்கேனில் அனுபவம் உள்ளவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.