கால்முட்டுப் பட்டைக்கு ரப்பர் பாலா, சிலிக்கோனா?

அம்மாவுக்குக் கால்முட்டு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, "நேத்து எத்தனை தடவை மடக்கி நீட்டினீங்க?" என்று பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு முறையும் கேட்பார். அம்மா குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்வார். அதைச் சரியாக எண்ண ஒரு பட்டை செய்து பார்க்கலாமே என்றுதான் ஆரம்பித்தேன். உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை. இழுபடும் பட்டைக்குள் கார்பன் பிளாக் என்கிற கரித்தூள் கலந்த ஒரு கோடு. முட்டு மடங்கும்போது கரித்துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி மின்தடை ஏறும், நீட்டினால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை ஆர்டுயினோ என்கிற ஒரு சின்னக் கணினிப் பலகை எண்ணிக்கொள்ளும். பட்டையை எதில் வார்ப்பது என்பதில்தான் ஆறு மாதம் போனது.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் சித்தப்பாவுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. "நம்ம பாலு இங்க இருக்கும்போ, எதுக்கு மக்ளே வெளியூரு சாமானம் வாங்குத?" என்று கேட்டார். எனக்கும் அதே ஆசைதான். விடியும் முன் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலிலிருந்து ஒரு சென்சார் வந்தால் அதைவிட என்ன சந்தோஷம்?

ரப்பர் பாலின் பெருமையை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். இழுத்தால் ஏழெட்டு மடங்கு நீளும், விட்டால் பட்டென்று திரும்பும். இழுக்கும்போது அதன் மூலக்கூறுகள் வரிசையாக அமைந்து படிகமாவதால், ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் சட்டென்று கிழிந்து ஓடாது. விலையும் குறைவு. சிலருக்குப் பாலில் உள்ள புரதம் தோலில் அலர்ஜி தரும்; அம்மாவுக்கு அது இல்லை.

சிக்கல் கந்தகத்தில் வந்தது.

மரத்துப் பாலை அப்படியே காயவைத்தால் கிடைக்கும் தோல், வெயிலில் பிசுபிசுக்கும், இழுத்த நீளத்திலேயே கொஞ்சம் நின்றுவிடும். 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தபடி கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது உருப்படியான ரப்பராகும். அதனால் கந்தகம் ஏற்கெனவே சேர்த்துப் பதப்படுத்திய, கையுறைக்குப் பயன்படுகிற ரப்பர் பாலை, அதாவது லேடக்ஸை, வாங்கினேன். கண்ணாடித் தகட்டில் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, நடுவே கரிக்கோடு, இரு முனையிலும் மெல்லிய செம்புப் பின்னல் என்று வைத்து முடித்தேன். முதல் இரண்டு வாரம் அருமையாக வேலை செய்தது.

இரண்டாம் மாதம் எண்ணிக்கை தாறுமாறாக வந்தது. முனையைப் பிரித்துப் பார்த்தேன். செம்புப் பின்னல் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. ரப்பரில் மிச்சமிருந்த கந்தகம் அதைத் தின்றிருக்கிறது. அதோடு விடவில்லை. செம்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் பழுப்பேறி, தொட்டால் கையில் ஒட்டியது. செம்பு இயற்கை ரப்பருக்கு விஷம். காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரைச் சிதைப்பதை அது பல மடங்கு வேகப்படுத்தும். ரப்பர் செம்பைக் கெடுக்கிறது, செம்பு ரப்பரைக் கெடுக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் ஒயர்களில் செம்புக் கம்பிக்கு வெள்ளீயம் பூசியதற்கு இதுதான் காரணம். வெள்ளிப் பசை போட்டாலும் தப்பிக்க முடியாது, வெள்ளியும் கந்தகத்தில் கறுக்கும்.

செம்புக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு நூல் வைத்தால் இந்தச் சண்டை ஓயும், வைத்தும் பார்த்தேன். ஆனால் குளச்சலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு லேடக்ஸ் பட்டையைக் கொஞ்சம் இழுத்து இரண்டு ஆணியில் மாட்டியிருந்தேன். சில வாரத்தில் அதன்மேல் இழுத்த திசைக்குக் குறுக்காக மெல்லிய வெடிப்புகள். பக்கத்திலேயே இழுக்காமல் தொங்கவிட்ட பட்டையில் ஒரு கோடுகூட இல்லை. இது ஓசோன் வேலை. இயற்கை ரப்பரின் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டு. காற்றில் துளியளவு இருக்கும் ஓசோன் அதைத்தான் வெட்டும். பட்டை இழுவையில் இருந்தால் வெட்டிய இடம் வாய் திறக்கும். டயரில் இதற்குத் தடுப்பு மருந்து சேர்க்கிறார்கள், ஆனால் அவை தோலில் நாள் முழுக்கக் கிடக்கத் தக்கவை அல்ல. முட்டில் மாட்டுகிற பட்டையோ எப்போதும் இழுபட்டே இருக்கும்.

சிலிக்கோனுக்கு மாறியது இதனால்தான். (சிப் செய்யும் சிலிக்கான் வேறு, ரப்பர் மாதிரி இருக்கும் சிலிக்கோன் வேறு.) இதன் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் சங்கிலி. இரட்டைப் பிணைப்பு இல்லை, ஓசோனுக்குப் பிடி கிடைக்காது, வெயிலும் பெரிதாகச் செய்யாது. 2006-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழு மெல்லிய சிலிக்கான் பட்டைகளை அலை அலையாக ஒட்டி இழுபட வைத்ததும் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரின் மேல்தான். நான் எடுத்தது இகோஃப்ளெக்ஸ் 00-30 என்கிற மென்மையான சிலிக்கோன். இரண்டு பாகத்தையும் சம அளவு கலந்து ஊற்றினால் நாலு மணி நேரத்தில் இறுகும், அறுவதற்குள் 900 சதவீதம் நீளும்.

இங்கேயும் கந்தகம் விடவில்லை. முதல் வார்ப்பு மறுநாள் காலையிலும் மேலெல்லாம் பசையாகவே இருந்தது. கையில் போட்டிருந்த லேடக்ஸ் கையுறைதான் காரணம். இந்த வகைச் சிலிக்கோன் பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது. கந்தகம் பட்டால் பிளாட்டினம் செயலற்றுப் போகும். நைட்ரைல் கையுறைக்கு மாறியதும் சரியாயிற்று. அப்புறம், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் காடி நாற்றமடிக்கும் சிலிக்கோன் டியூபை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். அது இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிட்டுச் செம்பை அரிக்கும்.

சிலிக்கோனிலும் குறை உண்டு. மென்மையான வகைகள் ஊசி ஏறிய துளையிலிருந்தே கிழியும், அதனால் துணியோடு நேராகத் தைக்க முடியாது. இறுகும் முன் இரு முனையிலும் ஒரு கொசுவலைத் துண்டை உள்ளே புதைத்து, வெளியே நீளும் வலையைத் தைத்தேன், இதுவரை தாங்குகிறது. சிலிக்கோன்மேல் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் எளிதில் ஒட்டாது. தண்ணீரை உள்ளே விடாது, ஆனால் நீராவியை விட்டுவிடும். ஆகவே வியர்வைக்கு அஞ்சி இணைப்பில் வெள்ளீயம் பூசிய கம்பிதான் போட்டிருக்கிறேன்.

டிபியூ என்கிற பாலியூரித்தேன் தாளையும் ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியாலேயே துணியில் ஒட்டலாம், கிழியாது. நிறைய இழுத்தால் பழைய நீளத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு மாத அனுபவத்தில் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். வாங்குவதாக இருந்தால் பாலிஈதர் வகையைக் கேளுங்கள். பாலிஎஸ்டர் வகை ஈரத்தில் சிதையும். பீரோவில் கிடந்த ஷூவின் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வது அப்படித்தான்.

சிலிக்கோன் பட்டைக்கு இப்போது பத்து மாதம். திண்ணை ஆணியில் மாட்டியதிலும் வெடிப்பு இல்லை. மூன்று வருடம் தாங்குமா என்பதை மூன்று வருடம் கழித்துத்தான் சொல்வேன். மாணவர்களுக்கு ஒரு நாள் செய்து காட்டவோ, காற்றூதினால் உப்பும் ரோபோ விரல் செய்யவோ லேடக்ஸே போதும், விலையும் கட்டும். சித்தப்பாவிடம் கறுத்த செம்பைக் காட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பாலுல செம்புப் பாத்திரம் வைக்கப்பிடாதுன்னு எங்க அப்பன் அப்பவே சொல்லுவாரு" என்றார்.