ஒரே நாளில் செட்டிநாடு: முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பிப்ரவரி மாதக் கடைசியில் திருச்சியில் உறவினர் வீட்டுத் திருமணம் முடிந்து, ஊர் திரும்ப ஒரு நாள் மிச்சம் இருந்தது. அந்த ஒரு நாளில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய குடைவரைகளையும் செட்டிநாட்டையும் பார்த்துவிடலாம் என்று நான், என் மாமியார், நாத்தனார், பன்னிரண்டு வயது மகள் ஆகிய நால்வரும் ஒரு வழிகாட்டிச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்தோம். கைபேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து நானேதான் பேசி முடித்தேன் என்பதால், நடந்ததில் என் பங்கும் உண்டு. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. மேலும், இதே முறையில் வண்டி ஓட்டுபவர்கள் பலர் இருப்பதாக அந்தப் பக்கத்துக்காரர்களே சொன்னார்கள்.

தலைக்கு 2,800 ரூபாய் வீதம் நால்வருக்கு 11,200 ரூபாய். முதலில் 5,000 ரூபாய் அனுப்பினேன். மீதியை வண்டியில் ஏறும்போதே வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் கோட்டையும் கோயிலும், கானாடுகாத்தானில் ஒரு பழைய நகரத்தார் வீட்டில் வாழையிலைச் சாப்பாடு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் பட்டறையில் நாமே ஒரு கல் வார்த்துப் பார்ப்பது, காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைத் தறி என்று எல்லாம் இருந்தன. எங்களுக்கு மட்டுமான குளிர்சாதன வண்டி, உரிமம் பெற்ற வழிகாட்டி, நுழைவுச்சீட்டு உட்பட என்றும் எழுதியிருந்தார்கள். இத்தனை இடங்களை ஒரு பகலில் நிதானமாகப் பார்க்க முடியாது என்பது வரைபடத்தைத் திறந்து பார்த்திருந்தாலே புரிந்திருக்கும். நான் திறக்கவில்லை.

காலை ஆறரைக்கு வருவதாகச் சொன்ன வண்டி எட்டு மணி கடந்து வந்தது. உள்ளே ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டபோது, "அவங்களும் உங்க ரூட்டுதாங்க, கம்பெனிக்கு ஆளு வேணும்ல" என்று ஓட்டுநர் சிரித்தார். வண்டியின் எண் பலகை வெள்ளை நிறத்தில் இருந்ததை நாத்தனார்தான் கவனித்தார். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு உரியது. அப்படிப்பட்ட வண்டியில் காசு கொடுத்துப் போய் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையில் சிக்கல் வரும். அந்த இடத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். கொடுத்த பணமும் விடுமுறை நாளும் கண்ணை மறைத்துவிட்டன.

கீரனூருக்கு முன்பே ஒரு உணவகத்தில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். நார்த்தாமலைக்குத் திரும்பும் பாதை வந்தபோது வண்டி வேகத்தைக் குறைக்கவே இல்லை. "அங்க ரோடு சரியில்ல, ஏறவும் முடியாது" என்றார் வழிகாட்டி. முத்தரையர் காலத்தில் எழுப்பப்பட்டு விசயாலய சோழீச்சுரம் என்று பெயர் பெற்ற, வட்டக் கருவறை கொண்ட கற்றளி அந்த மலைமேல் இருக்கிறது; அதன் எதிரே பாறையில் குடைந்த இரண்டு குடைவரைகளும், அவற்றில் ஒன்றில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு திருமால் சிற்பங்களும் இருக்கின்றன. அதைப் பார்க்கத்தான் நான் இந்தப் பயணத்தையே தேர்ந்தெடுத்தேன். வழிகாட்டியிடம் அடையாள அட்டை கேட்டேன். "ஆபீஸ்ல இருக்கு மேடம்" என்று பதில் வந்தது.

சித்தன்னவாசலில் இறங்கியதும் எங்களிடமே நுழைவுச்சீட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார். அதற்கு முன் வண்டியிலேயே ஒரு வரலாறும் சொல்லியிருந்தார்: ராஜராஜ சோழன் அஜந்தாவிலிருந்து ஓவியர்களை வரவழைத்துப் புத்த பிக்குகளுக்காக வரைவித்தானாம். அது சமணக் குடைவரை. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. அது ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தது. ராஜராஜன் அரியணை ஏறியதோ 985இல். வாசலில் நிற்கும் கல்வெட்டைக்கூடப் பாராத ஒருவருக்குத்தான் "உரிமம் பெற்ற வழிகாட்டி" என்று நாங்கள் பணம் கட்டியிருந்தோம்.

அன்றைய நாளின் நல்ல அரைமணி நேரத்தை எங்களுக்குத் தந்தவர் குடைவரையைக் காவல் காக்கும் ஊழியர். அவர் கைவிளக்கை மேலே பிடித்துக் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்தை மெல்ல மெல்லக் காட்டினார். முதலில் வெறும் பச்சைக் கறையாகத் தெரிந்தது. விளக்கு நகர நகர இலைகளும், மொட்டுகளும், நடுவே மீன்களும், யானையும், எருமையும், பூப்பறிக்கும் துறவியும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டார்கள். பிறகு மகளைக் கருவறைக்குள் நிற்க வைத்து வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று இழுக்கச் சொன்னார். அந்தச் சிறிய அறை முழுவதும் அவள் குரலைத் திருப்பி ஒலித்தது. அவள் பயந்து வெளியே ஓடிவந்து, மறுபடி உள்ளே போனாள். அதற்குள் கீழே ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதே குன்றில் சமணத் துறவிகள் தங்கிய குகையான ஏழடிப்பட்டத்துக்குத் தனியாகப் படியேறிப் போக வேண்டும். வழவழப்பாகத் தேய்த்த பதினேழு கற்படுக்கைகளும், எருமிநாடு என்ற பழைய நாட்டுப் பெயரைக் குறிப்பிடும் தமிழ் பிராமி எழுத்தும் அங்கே இருக்கின்றன. "அங்க ஒண்ணுமில்ல மேடம், வெறும் கல்லு" என்று வழிகாட்டி முடித்துவிட்டார். குடுமியான்மலை இசைக் கல்வெட்டு பூட்டியிருக்கும் என்று ஓட்டுநர் அறிவித்தார். போய்ப் பார்க்காமலே அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

திருமயத்தை அடைந்தபோது மணி 12.40. சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலில் நடை சாத்தியாகிவிட்டது. பாறையோடு பாறையாகச் செதுக்கப்பட்ட அந்தச் சயனப் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் மாமியாரின் ஆசை. காலையில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருந்தால், உணவகத்தில் முக்கால் மணி நேரத்தை விடாமல் இருந்திருந்தால், தரிசனம் கிடைத்திருக்கும். மூடிய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அத்தை ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டார். கோட்டையைச் சாலையில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அதை வெள்ளைக்காரன் கட்டியது என்றார் வழிகாட்டி. 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை அது.

சாப்பாட்டைப் பற்றி எழுத என்னைவிட அத்தைக்குத்தான் தகுதி. அவர் பிறந்து வளர்ந்தது பொன்னமராவதியில். நகரத்தார் வீட்டுச் சாப்பாடு என்று எங்களை இறக்கிவிட்டது நெடுஞ்சாலையோரத்து உணவகம் ஒன்றில். சுவரில் மட்டும் கானாடுகாத்தான் வீட்டுப் படம் ஒட்டியிருந்தார்கள். கோழிக்குழம்பு என்று வந்தது கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறத்தில் இருந்தது. கல்பாசியின் வாசனையோ மராட்டி மொக்கின் வாசனையோ அதில் இல்லை; மிளகாய்த்தூளும் நிறப்பொடியும்தான் நாக்கில் நின்றன. கவுனி அரிசி என்று எழுதியிருந்த இடத்தில் சேமியா பாயசம் வந்தது. வெள்ளைப் பணியாரம் என்று வைத்ததை அத்தை பிட்டுப் பார்த்துவிட்டு, "இது தோசை மாவும்மா. உழக்கு பச்சரிசியத் தலைதட்டி அளந்து, அதுமேல கோபுரமா உளுந்து வச்சு, ஊறப்போட்டு அரைச்சு ஊத்தணும். ஓரம் மட்டும் முறுகி நடு பஞ்சு மாதிரி இருக்கணும்" என்று இலையை மடித்துவிட்டார். அசைவம் கணக்கில் சேராது என்று சொல்லி எழுநூறு ரூபாய் தனியாக வாங்கினார்கள்.

இனி ஆத்தங்குடி. மகளுக்குச் சொல்லியிருந்தது கல் வார்க்கலாம் என்பது. கொண்டுபோய் நிறுத்தியது ஒரு விற்பனைக் கூடம். அங்கே ஒன்றேகால் மணி நேரம். பட்டறைக்கு இன்று விடுமுறை என்றார்கள். சூளையில் சுட்டெடுப்பதால்தான் இந்தப் பளபளப்பு என்று வழிகாட்டி இன்னொரு பொய்யையும் சேர்த்தார். நானும் மகளும் சலிப்பில் வெளியே நடந்தபோது, ஐந்து நிமிட நடையில், கூரைக்குக் கீழே வரிசையாகக் கண்ணாடிப் பலகைகளைப் பரப்பி ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பட்டறை கண்ணில் பட்டது. உலோக அச்சைக் கண்ணாடிமேல் வைத்து, நிறக்காவி கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு பூவிதழாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு கலவையைப் போட்டுக் கரண்டியால் இழுத்து மட்டம் செய்தார்கள். தீயே கிடையாது. காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது. கண்ணாடியை ஒட்டிய பக்கம்தான் அந்த மினுமினுப்பைப் பெறுகிறது. விடுமுறை என்று சொன்னார்களே என்றேன். வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் நிமிராமலே, "லீவா? யாரு சொன்னா? வண்டிக்காரங்க ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன் கேப்பாங்க. நாங்க குடுக்கிறதில்ல, அதான் இந்தத் தெருவுக்கே வரமாட்டாங்க. பாப்பா, இங்க வா, இந்த மஞ்சள நீ ஊத்து" என்று கரண்டியை நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கண்டாங்கியில்தான் பெரிய அடி. தறி என்று காட்டியது கடையின் மூலையில் நூல் பாவாமல் நின்ற ஒரு மரச்சட்டம். நாத்தனார் அரக்குக் கரை போட்ட மாம்பழ நிறக் கட்டம் ஒன்றை 4,800 ரூபாய்க்கு வாங்கினார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அசல் கைத்தறி என்று கடைக்காரரும் வழிகாட்டியும் சேர்ந்து சத்தியம் செய்தார்கள். ரசீது என்று கொடுத்தது வரி எண் இல்லாத துண்டுச்சீட்டு. பிறகு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அதைக் காட்டினோம். அங்கிருந்த அம்மாள் சேலையைப் பிரிக்கக்கூட இல்லை. ஓரத்தை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "இது பவர்லூம் தங்கச்சி" என்றார். கைத்தறியில் துணியை அகலவாக்கில் விறைப்பாக நிறுத்தும் கம்பின் ஊசிகள் கரையோரத்தில் பொடித் துளைகளை விட்டுச் செல்லும். இதில் ஒன்றுகூட இல்லை. கைத்தறி முத்திரைச் சீட்டும் இல்லை. அன்று சேலைக் கடையை அடுத்து ஒரு பழம்பொருள் கடையிலும் அரைமணி நேரம் நிறுத்தினார்கள்.

ஊர் திரும்பியபின் கைபேசிப் படங்களில் பதிந்திருந்த நேரத்தை வரிசைப்படுத்திக் கணக்குப் போட்டேன். தொன்மையான இடங்களில் நாங்கள் நின்றது மொத்தம் 45 நிமிடம். கடைகளில் 3 மணி 5 நிமிடம். இந்தக் கணக்குதான் என் புகாரின் முதுகெலும்பு. வண்டி தாமதம், சாப்பாடு மோசம் என்று தனித்தனியாகச் சொன்னால் அவை சிறு குறைகளாகத்தான் தெரியும். எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, எங்கள் நேரத்தைக் கடைகளுக்கு விற்றிருக்கிறார்கள் என்பதுதான் உண்மையில் நடந்தது.

நிறுவனத்துக்கு எழுதினேன். "இடங்கள் சூழ்நிலையைப் பொறுத்தது" என்று ஒரு வரி வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு குரல் மாறியது. எங்கும் எதுவும் எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு 3,500 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. நிகழ்ச்சி நிரல், பணம் அனுப்பிய சான்று, நேரத்தோடு கூடிய படங்கள், துண்டுச்சீட்டு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ஒருவேளை நிறுவனத்தோடு கைபேசியில் நடந்த உரையாடலை அழித்துவிட்டீர்கள் என்றால் கை கட்டப்பட்டதுபோல் ஆகிவிடும்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்கள், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் என்பதையும், எத்தனை கடைகளில் நிறுத்துவார்கள் என்பதையும் முன்பணம் அனுப்புவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதற்குப் பதில் சொல்லத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். வழிகாட்டியின் புகைப்பட அடையாள அட்டையையும் வண்டியின் எண் பலகைப் படத்தையும் முந்தின நாளே அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், வெயில் ஏறுமுன் நார்த்தாமலை, பிறகு ஏழடிப்பட்டத்தோடு சேர்த்துச் சித்தன்னவாசல், மாலை நடை திறந்தபின் திருமயம் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வதே போதும். காரைக்குடிக்கும் ஆத்தங்குடிக்கும் இன்னொரு நாள் வேண்டும்.

அந்தச் சேலை சான்றுப் பொருளாக எங்கள் பீரோவில் இருக்கிறது. வழக்கு முடிந்ததும் தலையணை உறை தைத்துவிடலாம் என்று அத்தை அளவெடுத்து வைத்திருக்கிறார். ஆறு உறை வருமாம்.