ஸ்பிட்ஃபயர் மாடலின் எலிவேட்டர்: நீளக் கம்பியா, வாலிலேயே சர்வோவா?

இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் ரேடியோ மாடல் கட்டும் எல்லோரையும் கடைசியில் வாட்டுவது வால் கனம். மூக்கு குட்டை, வால் பக்கம் நீளம். உண்மையான விமானத்தில் மெர்லின் என்ஜின் முன்னால் கனமாக உட்கார்ந்து அதைச் சமன் செய்தது. நம் மாடலில் அந்த இடத்தில் இருப்பது ஒரு சின்ன மோட்டார்தான். அதனால் எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பை, எப்படி இயக்கலாம் என்று யோசிக்கும்போதே கையில் தராசும் இருக்க வேண்டும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 1/7 அளவு மாடல். உண்மையான விமானத்தின் இறக்கை 36 அடி 10 அங்குலம், அதாவது 11.23 மீட்டர். ஏழால் வகுத்தால் 1.6 மீட்டர். நம்மில் பலர் கட்டுவது ஏறக்குறைய இந்த அளவுதான்.

முதலில் வாலிலேயே சர்வோ (ரேடியோ கட்டளைப்படி ஒரு கையைத் திருப்பும் குட்டி மோட்டார்) வைப்பது. பார்த்தவுடன் மனம் போவது இதில்தான். எலிவேட்டரின் இடது, வலது பாதிகளுக்குத் தலா ஒரு சர்வோ, விரல் நீளத்துக்கு ஒரு கம்பி, வேலை முடிந்தது. வளைவு இல்லை, ஆட்டம் இல்லை. ஒரு சர்வோ செத்தாலும் மறு பாதியை வைத்து இறக்கிவிடலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். சி.ஜி.யிலிருந்து (விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி) வால் சர்வோ சுமார் 70 செ.மீ. பின்னால் இருக்கிறது. மூக்கில் ஈயம் வைக்கக்கூடிய இடமோ 25 செ.மீ. முன்னால்தான். அப்படியானால் வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் கிட்டத்தட்ட 3 கிராம் ஈயம். 25 கிராம் சர்வோ இரண்டு என்றால் 50 கிராம், அதற்கு ஈடாக 140 கிராம் ஈயம். சர்வோவை உடலின் நடுவில் வைத்தால் வால்வரை போக வேண்டிய நீளக் கம்பி மிச்சமாகும் எடையைக் கழித்தாலும் இது பெரிய சுமை. ஸ்பிட்ஃபயரில் கூடுதல் எடை தரையிறங்கும் வேகத்தில் தெரியும். அந்த ஒடுங்கிய லேண்டிங் கியருக்கு அது நல்லதல்ல.

1/5 அளவுக்குப் போனால் என் பதில் மாறிவிடும். 2.25 மீட்டர் இறக்கை, முன்னால் பெட்ரோல் என்ஜின். மூக்கில் எடை தானாகவே வந்துவிடுகிறது, கம்பியோ ஒரு மீட்டரைத் தொடுகிறது. அங்கே வால் சர்வோதான் சரி.

சரி, 1.6 மீட்டருக்கு நீளக் கம்பி என்று முடிவானால், எந்தக் கம்பி? பிளாஸ்டிக் குழாய்க்குள் பிளாஸ்டிக் கம்பி ஓடும் வகையை இந்த மாடலுக்கு நான் வைக்கவே மாட்டேன். நைலான் வெயிலில் நீளும். 70 செ.மீ. கம்பி 20 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஹார்ன் (எலிவேட்டரில் கம்பியை மாட்டும் நெம்புகை) 20 மி.மீ. உயரம் என்றால் எலிவேட்டரில் அது சுமார் 3 டிகிரி. காலை ஆறு மணிக்கு வைத்த ட்ரிம் (எலிவேட்டரின் நடுநிலை அமைப்பு) பத்து மணிக்குப் பொருந்தாது. ஸ்பிட்ஃபயருக்கு எலிவேட்டர் ரொம்பக் கூர்மை. உண்மையான விமானமே அப்படித்தான். மார்க் V என்ற ரகத்தின் காலத்தில் எலிவேட்டர் கட்டுப்பாட்டில் ஓர் எடையைத் தொங்கவிட்டு அதை அடக்க வேண்டியிருந்தது.

இரட்டைக் கேபிளுக்கு ஆசைப்படுபவர்களை எனக்குப் புரிகிறது. உண்மையான ஸ்பிட்ஃபயரிலும் எலிவேட்டருக்குப் போனது கேபிள்தான். எடையும் மிகக் குறைவு. ஆனால் ஹார்னின் இரண்டு துளைகளும் கீல் கோட்டுக்கு நேராக நிற்காவிட்டால், ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கம் தளர்ந்துவிடும். ரட்டருக்கு (இடம் வலம் திருப்பும் செங்குத்து வால் மடிப்பு) இது தாராளமாகப் போதும். வால் ஒடுங்கும் இடத்தில், எலிவேட்டருக்கு அந்த நேர்த்தியைக் கொண்டுவருவது கஷ்டம்.

மிஞ்சுவது 6 மி.மீ. கார்பன் குழாய். வெப்பத்துக்கு அசையாது, தள்ளும்போது வளையாது. இனி இரண்டு பாதிகளையும் எப்படி இணைப்பது என்பதுதான் கேள்வி. குழாயின் முனையில் இரண்டு எஃகுக் கம்பிகளைக் கவை மாதிரிப் பிரித்து, காலர் போட்டுத் திருகிவிடுவது ஒரு வழி. என் முதல் ஸ்பிட்ஃபயரில் அப்படித்தான் செய்தேன். பறக்கும்போது காலர் திருகு தளர்ந்து ஒரு பாதி பின்தங்கியது. மூக்கைத் தூக்கினால் விமானம் பக்கவாட்டில் உருண்டது. அடுத்தடுத்த நொடிகளில் அதைத் தரைக்குக் கொண்டுவந்தது இன்றும் கைக்கு நினைவிருக்கிறது. கவையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதில் இரண்டு பாதிகளையும் 3 மி.மீ. எஃகு ஜாய்னர் கம்பியால் ஒன்றாக்கி, நடுவில் ஒரு ஹார்னைப் பற்றவைத்து உடலுக்குள் மறைத்துவிடுவதே என் தேர்வு. ஒரே சர்வோ, அதுவும் இறக்கைக்கு மேலே, சி.ஜி.க்குப் பக்கத்தில். ஹார்னை மேல்நோக்கி நிறுத்துங்கள். அப்போது மூக்கைத் தூக்கும்போது கம்பி இழுக்கப்படும், தள்ளப்படாது. டைவிலிருந்து வெளியே எடுக்கும் நேரத்தில்தான் சுமை உச்சம், இழுவையில் எந்தக் கம்பியும் வளையாது. ஜாய்னரை ஒட்டும் முன் உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிவிடுங்கள். வழுவழுப்பான கம்பியில் எபாக்ஸி நிற்காது. இதன் குறை, ஒரே சர்வோவை நம்பியிருப்பது. அதனால் அந்த ஒன்றில் காசு பார்க்காமல் உலோகப் பல்சக்கரம் உள்ளதை வாங்குங்கள். இன்னொரு குறை, ஹார்ன் உள்ளே போய்விட்டால் கை எட்டாது. வால் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி வைத்துவிட்டால் அதுவும் தீரும்.

அப்புறம் அளவு. சர்வோ கையில் 10 மி.மீ. துளை, ஹார்னில் 20 மி.மீ. துளை. சர்வோ 45 டிகிரி முழுதாகத் திரும்பினால் எலிவேட்டர் சுமார் 20 டிகிரி திரும்பும், அதற்கு மேல் இந்த விமானத்துக்கு வேண்டாம். பலர் சர்வோ கையின் வெளித்துளையில் மாட்டி ட்ரான்ஸ்மிட்டரில் 50 சதவீதமாகக் குறைக்கிறார்கள். அசைவு அதேதான், ஆனால் சர்வோவின் ஆட்டம் எலிவேட்டரில் இரண்டு மடங்காகத் தெரியும், பலம் பாதியாகும். கிளெவிஸை (கம்பி முனையிலுள்ள கொக்கி) மாட்டிய பிறகு சர்வோவை உயிர்ப்பித்து, எலிவேட்டர் நுனியை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் துளையை மாற்றி மறுபடி மாட்டுங்கள், வேகத்தில் அந்த ஆட்டம்தான் ஃபிளட்டராக, அதாவது கட்டுக்கடங்காத படபடப்பாக, மாறும்.