நாக்கில் ஒரு கட்டி: ஊசியா, துண்டா, முழுசா?

நாக்கின் மேற்புறத்தில் பட்டாணி அளவில் கெட்டியாக ஒரு உருண்டை. வலி இல்லை, பல மாதங்களாக அப்படியே இருக்கிறது. இப்படி வரும் அரிய கட்டிகளில் ஒன்று கிரானுலர் செல் டியூமர். 1926இல் இதை விவரித்த ரஷ்ய மருத்துவர் அப்ரிகோசாஃப், தசையிலிருந்து வருவதாக நினைத்தார். நரம்பைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்களிலிருந்து வருகிறது என்பது இன்றைய முடிவு. பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் பரிசோதனைக்குச் சதை எடுக்கும் விதம் தவறினால் புற்றுநோய் என்றே பெயர் வாங்கிவிடும்.

ஊசி வைத்து உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. கழுத்துக் கட்டிக்கு நல்ல வழி. நாக்கின் சிறு உருண்டைக்கு நான் அதை நம்ப மாட்டேன். சில செல்கள் வரும், அவை திசுவில் எப்படி அமைந்திருந்தன என்பது தெரியாது.

ஒரு துண்டு மட்டும் வெட்டி அனுப்புவதில்தான் பெரிய சிக்கல். இந்தக் கட்டியின் மேலுள்ள தோல் பல நேரம் தடித்து, வேர் விட்டதுபோல் கீழே இறங்கும். மேலோட்டமாகக் கிள்ளி எடுத்தால் அந்தத் தோல் மட்டுமே ஸ்லைடில் இருக்கும். பார்ப்பதற்கு ஸ்குவாமஸ் புற்றுநோய் (வாயின் மேல்தோலில் வரும் புற்றுநோய்) மாதிரியே தெரியும். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ள ஊரில் மருத்துவருக்கு முதலில் அதுதான் தோன்றும். தேவையே இல்லாமல் ஒருவர் நாக்கில் பாதியை இழக்கக்கூடும் என்பதை நினைத்தால் பதறுகிறது. துண்டு எடுப்பதென்றால் தோலுக்கு அடியிலுள்ள கட்டி வரை ஆழமாக எடுக்க வேண்டும்.

ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, சந்தேகப்படும்படி எதுவும் இல்லையென்றால் முழுசாக எடுப்பதுதான் என் தேர்வு. நோயும் தெரியும், சிகிச்சையும் முடியும். ஷ்வான் செல்களிலிருந்து வரும் இன்னொரு கட்டியான ஷ்வானோமாவுக்கு உறை உண்டு, இதற்குக் கிடையாது, அதனால் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையும் சேர வேண்டும். பெரிய கட்டி, வேகமாக வளர்வது, புண்ணானது என்றால் மட்டும் முதலில் ஆழமான துண்டு. ஏனென்றால் முழுசாக எடுத்த பிறகு புற்றுநோய் என்று தெரிந்தால், அடுத்த அறுவைக்கு எல்லை குறிப்பது கடினம். அப்புறம், துடிக்கும் கட்டியிலோ அழுத்தினால் வெளுக்கும் கட்டியிலோ ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது. ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம்.

ஆய்வகத்தில், ஷ்வான் செல்களில் ஏறும் எஸ்-100 சாயம் உதவும், ஆனால் அது ஷ்வானோமாவிலும் ஏறும். பச்சிளங்குழந்தையின் ஈறில் வரும் எபுலிஸ் என்ற கட்டி நுண்ணோக்கியில் இதே மாதிரி இருந்தாலும் அதில் எஸ்-100 ஏறாது. அதனால் வயது, இடம், எவ்வளவு நாளாக இருக்கிறது என்பதையெல்லாம் ஆய்வகப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள்.