4 கிலோ தீயணைப்பான்: செங்கோட்டையிலிருந்து ஒரு மதிப்புரை

அடுத்த தெருவில் ஓட்டு வீடு எரிந்ததைப் பார்த்ததிலிருந்து, தாளிக்கும் புகை எழுந்தாலே எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆரியங்காவு கணவாய் வழியாக அடித்த ஆடிக்காற்றில் நெருப்பு உத்திரத்துக்கு உத்திரம் தாவியது. இரவில் எழுந்து எழுந்து சிலிண்டர் வால்வைத் தடவிப் பார்ப்பேன்.

தென்காசியில் ஒரு கடையில், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 4 கிலோ ஏபிசி உலர்தூள் தீயணைப்பான் வாங்கினேன். விறகு, துணி, பெட்ரோல், கேஸ் எல்லாவற்றுக்கும் ஒரே தூள்தான். சட்டியில் எண்ணெய் பற்றினால் மட்டும் அடுப்பை அணைத்து மூடி போட வேண்டும்.

கடைக்கார அண்ணாச்சி ஒரு காலி உருளையை என் கையில் கொடுத்துவிட்டார். ஊசியை உருவி, குழாயைத் தீயின் அடிப்பக்கம் நீட்டி, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். கை பழகும்வரை விடவில்லை. "வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும் அம்மா. தீ பெருகினால் இதைப் போட்டுவிட்டு ஓடுங்கள், 101-ஐக் கூப்பிடுங்கள்" என்றார். என் நடுக்கம் குறைந்தது அந்தப் பயிற்சியால்தான்.

குறை ஒன்று உண்டு. செய்முறை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகியிருக்கிறது. என் மாமியாருக்கு அது எப்படிப் புரியும்? தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினேன்.

வாங்குபவர்கள் அடுப்பருகே மாட்டாதீர்கள், சமையலறை வாசலில் மாட்டுங்கள். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அப்படியே கேஸ் டியூபில் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். 5 ஆண்டு தாண்டியிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.