பாப்-அப் கேம்பர் சீசன் சர்வீஸ்: 38,500 ரூபாய் பில்லும், கழற்றிப் பார்த்ததில் கிடைத்ததும்

கேம்பரைப் பட்டறையில் விட்டு "எல்லாம் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள், இதைப் படித்துவிட்டு விடுங்கள். மார்கழி, தைக் குளிருக்கு வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வண்டியைத் தயார் செய்வது நல்ல பழக்கம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் வேலை செய்து, தெரியாத இடத்துக்கும் சேர்த்துப் பணம் வாங்கும் பட்டறைகள் இருக்கின்றன.

வண்டி, காருக்குப் பின்னால் இழுத்துப்போய், விஞ்ச் (கைப்பிடியால் ஒயர் ரோப்பைச் சுருட்டும் உருளை) சுற்றிக் கூரையைத் தூக்கி, கேன்வாஸ் சுவருக்குள் படுத்துக்கொள்ளும் இரண்டு சக்கர டிரெய்லர். பெட்டி உள்ளூரில் கட்டியது. ஆக்சிலும் லிஃப்ட் செட்டும் இறக்குமதி. கோவைக்குப் பக்கத்தில் லாரித் தார்ப்பாயும் பாடி வேலையும் செய்யும் பட்டறை ஒன்று "ஃபுல் சீசன் சர்வீஸ்" என்று எடுத்துக்கொண்டது. கேன்வாஸ் மாற்ற 18,500, லிஃப்ட் ஒயர் ரோப்பும் விஞ்சும் 6,800, வீல் பேரிங் 4,200, வயரிங் 3,600, கேஸ் லைன் 2,900, கூரை ஒழுகல் அடைப்பு 2,500. ஆகமொத்தம் 38,500 ரூபாய். பெட்டி பளபளவென்று வந்தது, டயருக்குப் பாலிஷ்கூடப் போட்டிருந்தார்கள். "பக்காவா பண்ணியாச்சுங்ணா, நீங்க மலை ஏறிட்டு வந்து சொல்லுங்க" என்றார் பட்டறைக்காரர். மலை ஏறும் முன் கழற்றிப் பார்த்ததால் தப்பித்தது.

பில்லில் "நாலு பேரிங் கழுவி, புது கிரீஸ், புது ஆயில் சீல்" என்று இருக்கிறது. ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) தூசி மூடியைக் கழற்றினால் சிவப்பு கிரீஸ், பார்க்கவே அழகு. மூடிக்குள் மட்டும்தான். நட்டை எடுத்து வெளிப் பேரிங்கை உருவினால் கருத்து இறுகிப்போன பழைய கிரீஸ். உள் பேரிங்கை யாரும் தொடவே இல்லை. ஆயில் சீலின் ரப்பர் உதடு வெடித்துக் கிடந்தது. ஒரு பக்கம், நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி, கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுகிற அதே கம்பி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. வளைவில் டிரெய்லர் சாயும்போது பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்குவது அந்தப் பேரிங்கும் நட்டும்தான். நட்டு கழன்றால் சக்கரம் ஹப்போடு வெளியே வந்துவிடும்.

செய்ய வேண்டிய வேலை இது. ஹப்பை முழுசாக உருவி, பேரிங்குகளை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவிக் காயவிட வேண்டும். கம்ப்ரஸர் காற்றை அடித்துப் பேரிங்கைச் சுழல விடக் கூடாது. ரோலரில் நீலம் பாய்ந்திருந்தாலோ கப்பில் (பேரிங்கின் வெளி வளையம்) சொட்டை தெரிந்தாலோ, கோனும் (ரோலர்கள் இருக்கும் உள் வளையம்) கப்பும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கோனை மட்டும் மாற்றினால் பழைய கப்பு புதுக் கோனையும் தின்றுவிடும். 3,500 பவுண்ட், அதாவது 1,588 கிலோ தாங்கும் ஆக்சிலில் பெரும்பாலும் உள்ளே எல் 68149, வெளியே எல் 44649. எண் பேரிங்கிலேயே பொறித்திருக்கும், அதைப் படித்துவிட்டே வாங்குங்கள். கிரீஸ் லித்தியம் காம்ப்ளெக்ஸ், கெட்டி அளவு என்எல்ஜிஐ 2. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர் இடுக்கில் பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். முன்பு இருந்தது என்ன கிரீஸ் என்று தெரியாவிட்டால் ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்காதீர்கள். லித்தியமும் பாலியூரியாவும் கலந்தால் பல நேரம் மோர் மாதிரி இளகி, சூட்டில் சீல் வழியாக ஓடிவிடும்.

நட்டு முடுக்குவதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, பிறகு முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப முடுக்க வேண்டும். காட்டர் பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் தளர்த்தும் பக்கமாகவே நகர்த்த வேண்டும். காட்டர் பின் ஒவ்வொரு தடவையும் புதுசு. ஐந்து ரூபாய்ச் சாமானில் மிச்சம் பிடிக்கிற பட்டறையை வேறு எதிலும் நம்ப முடியாது. 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி ஹப்பில் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் நட்டு இறுக்கமாக இருக்கிறது, இல்லையென்றால் கிரீஸ் இல்லை. இந்த வேலை ஆண்டுக்கு ஒரு தடவை, அல்லது 19,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை.

"புது ஒயர் ரோப்" என்றதில் விஞ்சிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இரண்டடி மட்டும் புதுசு. சேசிஸுக்கு அடியில் கிளாம்ப் போட்டுப் பழைய ரோப்போடு சேர்த்திருந்தார்கள். கிளாம்ப் புல்லிக்குள் நுழையாது. கூரை முக்கால் உயரத்தில் ஒரு மூலை சாய்ந்து நின்றது அதனால்தான். அதைவிட மோசம், விஞ்சின் பிரேக் தகட்டில் கிரீஸ் அப்பியிருந்தது. பிரேக் விஞ்சின் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் போடலாம்; உராய்ந்து பிடிக்க வேண்டிய தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கே ஆகாது. கைப்பிடியை விட்டதும் நிற்க வேண்டிய விஞ்ச் வழுக்கும், கைப்பிடி சுழன்று மணிக்கட்டில் அடிக்கும், கூரை இறங்கும். ரோப்பைச் சோதிக்கப் பழைய பனியன் துணியால் பிடித்து நீளத்துக்கும் உருவிப் பாருங்கள். நூல் மாட்டினால் அங்கே இழை அறுந்திருக்கிறது, ரோப் போய்விட்டது. கையுறை இல்லாமல் உருவாதீர்கள். ஏறி இறங்கும் கம்பங்களுக்கு உலர்ந்த சிலிக்கான் ஸ்ப்ரே போதும். கிரீஸ் பூசினால் மண் ஒட்டி அரைக்கும். கூரைக்கு அடியில் கை நீட்டும் எந்த வேலைக்கும் மூலைக்கு ஒரு முட்டுக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள், விஞ்ச் எவ்வளவு புதுசாக இருந்தாலும்.

அடுத்தது கேன்வாஸ். ஊரே துணியில் பிழைக்கிற பகுதியில் துணியிலேயே ஏமாற்றுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். பேசியது 320 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 320 கிராம் எடையுள்ள காட்டன் கேன்வாஸ். தையல் மடிப்பில் மிச்சம் இருந்த துணியில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் வெட்டி, நகைக்கடைத் தராசில் வைத்தால் 2.1 கிராம். நூறால் பெருக்கினால் 210 ஜிஎஸ்எம். திருப்பூரில் எந்தச் செக்கிங் மேசையிலும் இருக்கும் வட்டக் கட்டரும் இதே கணக்குத்தான், அதுவும் 100 சதுர செ.மீ. வெட்டும். பிறகு நாலு இழையை உருவித் தீ வைத்துப் பார்த்தோம். பஞ்சு என்றால் காகிதம் எரிகிற வாசம் வந்து, தொட்டால் உதிரும் சாம்பல் மிஞ்சும். இது உருகிச் சுருண்டு கருப்பு மணியாக இறுகியது. பாலியெஸ்டர், உள்பக்கம் கோட்டிங்.

பாலியெஸ்டர் தண்ணீரை நிறுத்தாதா என்று கேட்பீர்கள். மழையை நிறுத்தும், மூச்சு விடாது. தூங்கும் ஒரு ஆளிடமிருந்து ஓர் இரவில் சுமார் கால் லிட்டர் ஈரம் மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறுகிறது. நாலு பேர் படுத்தால் ஒரு லிட்டர். மலைக்குளிரில் அது கோட்டிங்கில் திவலையாகத் திரண்டு விடிகாலையில் மெத்தை மேல் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து இன்னொரு கோட்டிங் அடிப்பார்கள், இன்னும் மோசமாகும்.

தையல் இன்னொரு கூத்து. பனியன் தைக்கிற மெல்லிய 40/2 ஸ்பன் நூல், செ.மீ.க்கு ஆறு ஏழு தையல். கனத்த துணியில் நெருக்கமாகக் குத்தினால் அது தபால்தலை ஓரம் மாதிரி. இழுத்துக் கட்டிய இடத்தில் கிழிந்து வரும். இதற்கு 20/3 கனத்தில் பஞ்சு சுற்றிய பாலியெஸ்டர் கோர் நூல் வேண்டும், செ.மீ.க்கு மூன்று அல்லது நாலு தையல். நனைந்தால் அந்தப் பஞ்சு உப்பி ஊசி ஓட்டையை அடைக்கும். புதுக் காட்டன் கேன்வாஸை முழுக்க நனைத்து, முழுக்கக் காயவைத்து, இப்படி இரண்டு மூன்று தடவை செய்துவிட்டுத்தான் மழைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதும் இதற்காகவே. ஈரத்தோடு மடித்து மூடினால் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதற்கு பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், துணியும் நூலும் இற்றுப்போகும். ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர், மென்மையான பிரஷ், வெயில்.

கேஸ் லைனில் நடந்ததை ஏமாற்று என்று மட்டும் சொல்லி விட முடியாது. வீட்டு அடுப்புக்கு 30 மில்லிபார் அளவு அழுத்தம் போதும். பரோட்டாக்கடை அடுப்புக்கு மாட்டுகிற ஹை-பிரஷர் ரெகுலேட்டரை மாட்டி, வெல்டிங் டியூபால் இணைத்திருந்தார்கள். ஐஎஸ் 9573 முத்திரையும் வருடமும் அச்சிட்ட, உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு டியூப்தான் போட வேண்டும், அதையும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சிலிண்டர் பெட்டியில் தரைமட்டத்தில் இருந்த காற்றுத் துளையைப் பட்டி பூசி அடைத்திருந்தார்கள். கேட்டால், "கரப்பான் வராம இருக்கட்டும்னுதாங்ணா." எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அந்தத் துளை அடைபட்டால் தேங்கியது படுக்கைக்குக் கீழே வரும். கரப்பானுக்குக் கம்பி வலை அடியுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி பாருங்கள், தீக்குச்சி வேண்டாம்.

வயரிங்கில் வீட்டு லைட்டுக்கு இழுக்கும் 1.5 சதுர மி.மீ. வயர், ஃப்யூஸ் கிடையாது. பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் இழுத்தால், போக வரப் பத்து மீட்டருக்கு 1.17 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஃபிரிட்ஜ், பேட்டரி செத்ததாக நினைத்து நின்றுவிடும், நீங்களும் நல்ல பேட்டரியை மாற்றுவீர்கள். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். ஃப்யூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கூரை மூட்டில் பாத்ரூம் சிலிக்கானைப் பழைய சீலண்ட் மேலேயே பிதுக்கியிருந்தார்கள். காயும்போது வினிகர் வாசம் அடிக்கிற வகை அலுமினியத்தை அரிக்கும், பிறகு அதன் மேல் எதுவும் ஒட்டாது. சுரண்டி எடுத்துவிட்டு பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா), அதன் மேல் வினிகர் வாசம் அடிக்காத நியூட்ரல் சீலண்ட்.

பில்லிலேயே இல்லாத ஒன்றும் நடந்திருந்தது. விடும்போது ஸ்டெப்னி டயரில் 1123 என்ற எண். 2023-ஆம் ஆண்டின் 11-வது வாரம். திரும்பி வந்தது 3616. பட்டன் தேயாத பழைய டயர், பக்கச்சுவரில் மயிர்க்கோடு வெடிப்பு. விடும்முன் எடுத்த போட்டோ இருந்ததால் தெரிந்தது.

ஆகவே விடும்போதே டயர் எண், பேட்டரி சீரியல் எண், ரெகுலேட்டர், விஞ்ச் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துப் பட்டறைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மாற்றுகிற ஒவ்வொரு பழைய பாகமும் கைக்குத் திரும்ப வர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதுங்கள். பழைய சீல், பழைய பின், பழைய ரோப். கேன்வாஸுக்கு ஜிஎஸ்எம், நூல் கனம் இரண்டையும் எழுதி, வெட்டும் முன் ஒரு சாண் துணி வாங்கித் தராசில் வையுங்கள். ஹப் மூடும் நாளில் அரை மணி நேரம் பக்கத்தில் நில்லுங்கள். "ஏனுங்ணா, நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களா" என்று கேட்டால், இருக்கிறது, அதனால்தான் டீ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை. ஆனாலும் யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் கையில் இருக்கின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம், இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தாலும் பதிவு எண் தருவார்கள். கட்டுக்கம்பி வீடியோ போனதும் பேரிங் பணம் 4,200 திரும்ப வந்தது. ரோப்புக்கும் கேஸுக்கும் "பார்க்கலாம்" என்கிறார்கள். கேன்வாஸுக்குப் புகார் தயாராகிறது, வெட்டிய சதுரத் துணியும் எரித்த மணியும் கவரில் இருக்கின்றன. ஸ்டெப்னி இன்னும் வரவில்லை.