மேளத்துக்குத் தீ காட்ட விடாத நாட்டுப்புற விழா

போன மாதம் ஊட்டியில் ஒரு தனியார் அமைப்பு நடத்திய சர்வதேச நாட்டுப்புற இசை, நடன விழாவுக்கு இரண்டு நாளும் போனேன். டிக்கெட் 300 ரூபாய். கொடுத்த காசுக்கு மோசமில்லை, ஆனால் ஒரு விஷயம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போலந்தின் டாட்ரா மலைப் பக்கத்திலிருந்து வந்த குழு பிரமாதம். வெள்ளைக் கம்பளிக் கால்சட்டை, தொடையில் கலர் நூல் வேலை, பாதி வயிற்றை மறைக்கிற அகலத் தோல் பெல்ட், தொப்பியைச் சுற்றிச் சோழி. ஆமாம், நம் வீட்டில் தாயத்துக்கு உருட்டுகிற அதே சோழிதான், அந்த மலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ! நீளக் காம்புள்ள சின்னக் கோடாலியோடு வட்டமாக நின்று, குந்தி எழுந்து, எம்பி, கோடாலியைக் காலுக்கடியில் விட்டு மறுகையில் வாங்குகிறார்கள். என் பக்கத்தில் இருந்த அக்கா "ஐயோ, கால்ல போட்டுக்கப் போறான்" என்று கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டே பார்த்தார். அவர்கள் ஊரான ஜகோபானேயில் மலைநாட்டுக் கலைஞர்களுக்கென்றே 1968 முதல் ஒரு சர்வதேச விழா நடக்கிறது. அங்கே பரிசும் இந்தக் கோடாலிதான்: தங்கம், வெள்ளி, வெண்கலம்.

ஜார்ஜியாக்காரர்களும் நன்றாகப் பாடினார்கள். ஒரு குரல் சுருதியைப் பிடித்து நிற்க, மற்ற இரண்டும் அதன்மேல் ஏறி இறங்குகின்றன. சவுண்டு பார்த்த தம்பி அதற்கும் கல்யாண மண்டப எக்கோவைப் போட்டுவிட்டது வேறு கதை.

சரி, இப்போது மனக்குறைக்கு வருகிறேன். முதல் நாள் ஆரம்பத்திலேயே, கூட்டம் இன்னும் நாற்காலி தேடிக்கொண்டிருக்கும்போது, இந்த நீலகிரியின் பழங்குடிகளான கோத்தர் குழுவை மேடையேற்றி ஏழே நிமிஷத்தில் இறக்கிவிட்டார்கள். அவர்கள் ஊர் மலை, அவர்கள் ஊர் இசை, அவர்களுக்கு 'வரவேற்பு நிகழ்ச்சி' என்று பெயர்! அதைவிடக் கொடுமை மேளம். ஊட்டிப் பனியில் தோல் இளகிவிடும், தீயில் காட்டினால்தான் விறைத்துக்கொண்டு சத்தம் வரும், இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாதுகாப்பு என்று சொல்லி ஒரு சுள்ளியைக்கூடக் கொளுத்த விடவில்லை. 'கொள்' என்கிற குழலை ஊதினவர் கன்னம் உப்ப, மூச்சு எங்கே வாங்குகிறார் என்றே தெரியாமல் ஊதித் தள்ளுகிறார், பக்கத்தில் மேளம் நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி 'தொப் தொப்' என்கிறது. இறங்கி வந்த பெரியவரிடம் கேட்டேன். "தீ காட்டாம இது வெறும் தோலு தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், கோபப்படக்கூட இல்லை.

மறுநாள் அவர்களே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த டீக்கடையில் பாலை இறக்கி வைக்கச் சொல்லி, அடுப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தோலைக் காட்டி, திருப்பி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடியும் காட்டி. முதலில் மந்தமாக இருந்த சத்தம் நாலாவது சுண்டலில் 'டங்'கென்று விழுந்தது, டீக்கு நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அவர்கள் வாசித்தபோது எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். போலந்துக் குழுவும் ஓரமாக வந்து நின்று காலால் தாளம் போட்டது.

மற்றபடி, கழிப்பறை மூன்று, கூட்டம் ஆயிரத்துக்குக் குறையாது, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டாலில் 'தோடர் சால்வை' என்று விற்றதைப் புரட்டிப் பார்த்தேன், அத்தனையும் மிஷின் தையல். தோடர் பெண்கள் நூலை எண்ணி எண்ணிக் கையால் போடுவார்கள், 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது, ஏமாந்துவிடாதீர்கள். அடுத்த முறை நடந்தால் ஸ்வெட்டர் கட்டாயம். கீழேயிருந்து வருகிறவர்கள் இ-பாஸை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிப் பக்கம் போகிறவர்கள் கடைசி நிகழ்ச்சி வரை உட்கார்ந்தால் பஸ் கிடைக்காது, நான் ஜீப்பில் தொற்றிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.